அண்ணி முகத்துக்குத் திறக்கும் பெட்டி

அரியலூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சிந்து எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். பங்குனியில் பக்கவாதம் வந்து விழுந்த அம்மா இன்னும் கட்டிலில்தான். வலது கை கொஞ்சம் அசைகிறது. வாய் கோணியது கோணியபடியே நிற்கிறது. சிங்கப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், கூடம் முழுக்கக் கேட்கிறது. அதனால்தான் மெயில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினால், நான் என்ன எழுதுகிறேன் என்பது எனக்கும் என் பழைய கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும். இந்த வீட்டில் நான் தனியாகப் பேசுகிற ஒரே இடம் இதுதான்.

நல்ல செய்தி ஒன்று. திருச்சியில் பஸ் டிக்கெட் போட்டுத் தருகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பயணிகள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஆகஸ்டு முதல் மூன்று மாதம் வீட்டிலிருந்தே. சரியாகச் செய்தால் அப்புறம் திருச்சி ஆபீஸுக்கே எடுத்துக்கொள்வார்கள், ஹாஸ்டலும் உண்டு. என்னைத் தேர்வு செய்த நந்தினி மேடத்துக்கும் என்னைப் போலவே கண் தெரியாது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கடைவீதி நடராசன் அண்ணன், கம்ப்யூட்டரில் மெமரி மட்டும் கூட்டினால் போதும் என்கிறார். அக்டோபரோடு இந்த விண்டோஸுக்கு ஆயுசு முடிகிறதாம், புதுசு இதில் ஏறாதாம். ஆனாலும் ஒரு வருஷம் தாராளமாக ஓட்டலாம் என்கிறார். எனக்கும் இதுதான் தோது. திரையைப் படித்துக் காட்டும் சாப்ட்வேர் இலவசம். அதில் வரும் தமிழ்க் குரல் மூக்கடைத்த பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கும், ஆனால் ஓர் எழுத்தைக்கூட விழுங்காது. கீபோர்டில் எந்தச் சாவி எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் விரல் சொல்லும். மெமரிக்கு மட்டும் ஏற்பாடு செய்.

அம்மா உன்னைக் கேட்டார்.

சிந்து


சிங்கப்பூர்
15 ஜூன் 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

அண்ணன் அறிவுச்செல்வன் எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு மாத்திரை தவறாமல் கொடுப்பாய் என்று தெரியும், அதனால் கவலை இல்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துச் சிரித்தேன். கம்ப்யூட்டர் கடையில் பத்து வருஷமாக நிற்கிறவனிடம் வந்து மெமரி கூட்டு என்கிறாய். அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டால் பேரீச்சம்பழம் கொடுப்பான். உள்ளே சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க், வெளியே கரகரக்கும் ஃபேன். அதைப் போய்த் தோது என்கிறாய். நடராசன் எல்லாம் ஒரு ஆளா? திருப்புளி வைத்திருக்கிறவன் எல்லாம் எஞ்சினியர் என்று நினைத்துவிடாதே.

புது லேப்டாப் ஒன்று எடுத்து, நானே எல்லாம் ஏற்றி, ஊருக்கு வரும் நண்பனிடம் கொடுத்துவிடுகிறேன். நோட்டுப் புத்தகம் கனம்தான் இருக்கும். திரை என்ன திரை தெரியுமா, கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு.

வேலை கிடைத்தது சந்தோஷம். ஆனால் ரொம்ப நம்பாதே. புகாருக்குப் பதில் எழுதுவதை எல்லாம் இப்போது மெஷினே எழுதுகிறது.

அன்புடன்,
அறிவு


அரியலூர்
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முதுகில் புண் வராமல் இருக்க அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கிறேன். உனக்கு இருமல் என்று அண்ணி சொன்னார், வெந்நீர் குடி.

லேப்டாப் வந்து சேர்ந்தது. நன்றி. நீ எழுதிய கறுப்பைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முடியாது, அந்த ஒரு நிறம் எனக்கு நிறையவே கிடைக்கிறது. கையில் பட்டதைச் சொல்கிறேன். சாவிகள் எல்லாம் சப்பட்டை, அழுந்தியதா இல்லையா என்று விரலுக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் வேகம் அபாரம். கண்டக்டர் குரலை ஏற்றிக்கொண்டேன். புதுப் பெட்டியில் அவருக்கே மூக்கடைப்பு கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு சிக்கல். திறப்பதற்கு முகம் கேட்கிறது. நானும் காட்டினேன். "கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கவும்" என்றது. என் கண் எங்கே பார்க்கும் என்று எனக்கே தெரியாது. திரும்பத் திரும்பக் காட்டி அலுத்துவிட்டது. அண்ணிதான், "அது கெடக்குது வுடு, என் மூஞ்சியக் காட்டுறேன். எப்ப வேணும்னாலும் கூப்புடு" என்று தன் முகத்தைப் பதிந்தார். நீ போனில் சொன்ன நம்பரை ஒரு தடவை போட்டாராம், பிறகு மறந்துவிட்டதாம்.

எனக்கு முகம் வேண்டாம், அந்த நம்பரைச் சொல்லு. ஆகஸ்டு ஒன்றாம் தேதி வேலை ஆரம்பம். பழைய கம்ப்யூட்டர் வேறு இப்போது இல்லை. புதுசு வந்த அன்றைக்கே அண்ணியின் தம்பி பெரம்பலூரிலிருந்து வண்டியோடு வந்து, மகள் படிக்கட்டும் என்று எடுத்துப் போய்விட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

அம்மா உன்னைக் கேட்டார்.

சிந்து


சிங்கப்பூர்
27 ஜூலை 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்த மாடலுக்கு எங்கள் கடையில் அடிதடி. நீ அதைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை எழுதுவாய் என்று பார்த்தேன், சாவி சப்பட்டை என்கிறாய். இனி எல்லாமே சப்பட்டைதான். உலகம் தொடுதிரைக்குப் போய்விட்டது, நீதான் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாய்.

முகம் வைத்துத் திறப்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பு. அதில் என் கணக்கு இருக்கிறது, என் போட்டோ எல்லாம் இருக்கிறது. வீட்டு விஷயம், வேறு யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆவது? அண்ணி வீட்டில்தானே இருக்கிறாள். நம்பருக்கு இப்போது என்ன அவசரம்?

அன்புடன்,
அறிவு


அரியலூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். நீயும் நலமாக இரு.

அண்ணி வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தாய். அண்ணி பள்ளிக்கூட டீச்சர் என்பது உனக்கு மறந்துபோயிருக்காது. எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புகிறார். கிளம்புவதற்கு முன் பெட்டியைத் திறந்து தருகிறார். சும்மா இல்லை. அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, பாத்திரம் கழுவி, அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டி முடித்தால்தான் அந்த முகம் திரைப் பக்கம் திரும்பும். போன வாரம் ஒரு நாள் ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. "உப்பு சரியாப் போடத் தெரியல, உனக்கு எதுக்கு ஆபீஸ் வேல" என்று கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் பாதி வாசலிலிருந்து திரும்பி வந்து திறந்தார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நான் திருச்சிக்குப் போனால் அம்மா அவர் தலையில் விழுவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

லேப்டாப்பை அம்மா கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். "நீ எழுதுனா கோவமா வந்தவங்க நன்றி சொல்லிட்டுப் போறாங்க" என்று நந்தினி மேடம் சொன்னார். அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

மறுநாளே வினை. பகலில் அது தானாக ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டு அணைந்து எழுந்தது. எழுந்ததும், முகம் காட்டு என்றது. நானும் அம்மாவும்தான் இருந்தோம். பாதியில் விட்ட புகார்கள் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தன. மேடம் முதல் தடவை என்று மன்னித்தார். தோன்றிய நம்பர்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன், பூட்டிக்கொண்டு இன்னும் கோபித்துக்கொண்டது.

அண்ணே, நம்பரை அனுப்பு. காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அம்மா உன்னைக் கேட்டார்.

சிந்து


சிங்கப்பூர்
7 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

பதில் தாமதம். கடையில் புதுப் போன் வருகிற நேரம், மூச்சுவிட நேரமில்லை. அம்மாவைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

முன்கூட்டியே வந்த மாதிரிப் போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அப்பளம் கனம். இவ்வளவு மெலிசாகச் செய்து பாட்டரியைக் கோட்டைவிட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. கேமராவும் ஒன்றுதான். என் முதலாளிக்கு அது பிடித்திருக்கிறது, அவருக்கு மெலிசாக இருந்தால் போதும்.

அப்டேட் போட்டுக்கொள்வது நல்லதுதானே. உன் பழைய பெட்டி மாதிரி செத்துக் கிடக்கவில்லை என்று அர்த்தம். லாவண்யாவைப் பற்றி, அண்ணி என்றும் பாராமல், நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. திருச்சி, ஹாஸ்டல் என்றெல்லாம் முடிவே செய்துவிட்டாய் போலிருக்கிறது. அம்மா இருக்கும் நிலையில் அதை யோசித்தாயா?

நம்பர் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அறிவு


அரியலூர்
12 செப்டம்பர் 2025

அண்ணே,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். போனில் வாயால் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன். வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

தம்பியின் சின்ன மகளுக்குக் காதுகுத்து என்று அண்ணி பெரம்பலூர் போயிருக்கிறார். வர ஒரு வாரம் ஆகுமாம். திறந்து வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். "கரண்டு வீணு" என்று அணைத்தார். நடராசன் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றச் சொல்லலாம் என்று இருந்தேன். அதைச் சொன்னதுதான் தப்பு. "அவரு பொருளு, அவரக் கேக்காம வெளியாளு தொடக்கூடாது" என்று லேப்டாப்பைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் ஒரு வார்த்தை சொல். சாவியை யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டும், நீ நம்பரை அனுப்பு. திங்கள் காலை வரை மேடம் பொறுப்பார். அதற்கு மேல் என் இடம் இல்லை. நம் பழைய கம்ப்யூட்டரையாவது பெரம்பலூரிலிருந்து கொண்டு வரலாமா என்று அவர் தம்பிக்கும் போன் செய்தேன். இரும்புக் கடையில் போட்டாயிற்றாம். பேரீச்சம்பழம் கிடைத்ததா என்று கேட்கவில்லை.

உனக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடு.

சிந்து


சிங்கப்பூர்
28 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

உன் மெயிலை இன்றுதான் பார்த்தேன். புதுப் போன் விற்பனையில் கடைக்கு வெளியே வரை வரிசை. ஊருக்குப் பேசக்கூட நேரமில்லை.

இந்நேரம் லாவண்யா திரும்பியிருப்பாள், எல்லாம் சரியாகியிருக்கும். பீரோவில் வைத்தது நல்லதுதான், தூசி படாது. அம்மா எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
அறிவு


அரியலூர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா நலம். அண்ணி நலம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறார். நான் போனில் சொல்லச் சொல்ல இந்தக் கடிதம் எழுதப்படுகிறது.

வேலை முடிந்துவிட்டது. நந்தினி மேடம் கூப்பிட்டுப் பேசினார். "எனக்கும் இப்படி ஒரு வூடு இருந்துச்சு சிந்து. வுட்டுட்டு வந்தேன். உன்னால முடியலன்னா நான் என்ன பண்றது" என்றார். என் இடத்தில் வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். யார் மேலும் வருத்தம் இல்லை.

லேப்டாப் நன்றாக இருக்கிறது. அண்ணி இப்போது கேட்காமலே தினமும் சாயங்காலம் திறந்து தருகிறார், பாட்டுக் கேள் என்கிறார். நல்ல மனசு. திரை நன்றாக இருக்கிறது என்று அண்ணி சொல்லச் சொல்கிறார்.

தீபாவளிக்குச் சட்டை எடுத்துக்கொள்.

சிந்து


சிங்கப்பூர்
2 நவம்பர் 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

சுகம். தீபாவளிக்கு இங்கே ஒரு நாள் லீவு, தூங்கியே கழித்தேன்.

உன் கடிதம் பார்த்ததும் நிம்மதி. இனி மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ போனால் அம்மாவை யார் தூக்கித் திருப்பிப் போடுவது? லாவண்யா வேலையை விட வேண்டும். ஆள் வைத்தால் எவள் நிற்பாள்? கண் இல்லாத நீ திருச்சி ரோட்டைத் தாண்டிப் பிழைப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அவளும் யோசித்துத்தான் செய்தோம். உனக்கு விலை உயர்ந்த பொருள் வாங்கித் தராமல் இல்லையே. வீட்டுக்குள் இருந்தபடி பாட்டு, செய்தி எல்லாம் கேள். அதன் ஸ்பீக்கர் பிரமாதம், காதுக்குத்தானே உனக்குத் தேவை.

அன்புடன்,
அறிவு


சிங்கப்பூர்
21 டிசம்பர் 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

நீ பதில் எழுதி வெகு நாள் ஆகிறது. அதற்குள் இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வந்துவிட்டது.

வருஷக் கடைசி விற்பனை என்று முதலாளி லீவு தரவில்லை. பெற்ற மகன் இருந்தும் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். லாவண்யா வீடியோ கால் போட்டு லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்ததால் நான் கடையின் பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தக் கேமராவைச் சும்மா சொல்லக்கூடாது. அம்மா நெற்றியில் ஒட்டிய காசு வரைக்கும் தெரிந்தது. பழைய பெட்டியில் பார்த்திருக்க முடியுமா சொல்.

இனி லேப்டாப் உன்னுடையது. நம்பர் 7146. என் ரூம் லாக்கரின் நம்பர்தான், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. திருச்சிக்கும் போட்டுப் பார், இடம் இருந்தால் கொடுப்பார்கள்.

ஒன்று மட்டும் என்னைப் போட்டு அறுக்கிறது. அம்மா குரலைக் கடைசியில் கேட்கவில்லை. அவர் பேச ஆரம்பித்தாலே, குழறுகிறது என்று லாவண்யா போனை வாங்கிவிடுவாள், நானும் சரி என்று விட்டுவிடுவேன். எனக்கு ஏதாவது சொன்னாரா? பக்கத்திலேயே இருந்தவள் நீ. ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுது.

அண்ணன்,
அறிவு


அரியலூர்
4 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். கட்டிலைக் கழுவிக் கொல்லையில் சாய்த்திருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

நம்பர் போட்டேன், திறந்தது. நாலு எண். முதல் வேலையாக அண்ணியின் முகத்தை அதிலிருந்து எடுத்தேன், நம்பரையும் மாற்றினேன். நேற்று பள்ளிக்கூட மார்க் ஏற்ற வேண்டும் என்று அண்ணி வந்து நின்றார். மாவு ஆட்டி முடித்துவிட்டு வாருங்கள், திறந்து தருகிறேன் என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. திருச்சிக்கும் எழுதிக் கேட்டேன், இடம் இல்லை.

லேப்டாப்பைப் பற்றி நான் பெருமையாக எழுதவில்லை என்று உனக்குக் குறை. இப்போது எழுதுகிறேன். நீ திரையைச் சொன்னாய், ஸ்பீக்கரைச் சொன்னாய், கேமராவைச் சொன்னாய். மைக்கைச் சொல்லவே இல்லை. அதுதான் இருப்பதிலேயே உயர்ந்தது. கடைசி மாதம் அண்ணி பாட்டுக் கேட்கத் திறந்து தரும்போதெல்லாம், அம்மாவின் தலைமாட்டில் வைத்து அவர் பேசுவதைப் பதிந்தேன். ஃபேன் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை, அம்மா மட்டும். வாய் குழறுகிறது என்று அண்ணி சொல்வாரே, அவ்வளவு குழறவில்லை. பொறுமையாகக் கேட்டால் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முழுக்க உன்னோடுதான் பேசுகிறார். "அறிவு, கண்ணு" என்று ஆரம்பிக்கிறார். நடுவில் உன்னை ஒரு கேள்வி கேட்கிறார். கேட்டுவிட்டு, நீ பதில் சொல்லுவாய் என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, சரி என்று தானே சொல்லிக்கொண்டு மேலே பேசுகிறார்.

அதை இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். நம்பர் பூட்டுப் போட்டிருக்கிறேன். வீட்டு விஷயம், வேறு யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆவது? தோன்றிய நம்பர்களை எல்லாம் நீ போட்டுப் பார்க்கலாம். எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் உன் பெட்டி மாதிரி கோபித்துக்கொள்ளாது, பேசாமல் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய், வெந்நீர் குடித்துப் பார். நம்பருக்கு இப்போது என்ன அவசரம், அண்ணே.

சிந்து